அன்னப்பறவை முத்திரை

கோட்டோவியக் கண்காட்சி பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கூடம் ஒன்றை எடுத்து, ஜன்னலையெல்லாம் அடைத்து, விளக்கைக் குறைத்து, பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்கு இருட்டாக்கி வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் பழைய காகிதம் பழுத்துவிடும், மை வெளுத்துவிடும் என்று பயம். அந்த இருட்டில் சுவரோரம் வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம். அதில் சில நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ ஒரு மகான் கிறுக்கிய ஒரு கை, ஒரு குதிரையின் பின்பக்கம், முகம் போட மறந்த ஒரு தேவதை. வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பது ஒரு நொடி. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது ஒரு நிமிஷம். படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்து “ம்ம்ம்” என்பார்கள். சீட்டில் பெரிய பெயர் இருந்தால் ம்ம்ம் நீளும். பெயர் சின்னதாக இருந்தால் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

அந்த ம்ம்மை வைத்தே வாழ்க்கையை ஓட்டியவர் நம் நிபுணர். அருங்காட்சியகத்தில் கோட்டோவியப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வெளியே அவரை எல்லோரும் நிபுணர் என்பார்கள். உள்ளே, அவர் காதில் விழாத தூரத்தில், பீச்சாங்கை நிபுணர் என்பார்கள். இடது கைக்காரர். அதோடு, இடது கை ஓவியர் ஒருவரைக் கண்டுபிடித்தவர்.

அந்தக் கண்டுபிடிப்பு இதுதான். அருங்காட்சியகத்தின் பழைய இருப்பில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் போட்ட மூன்று படங்கள் இருந்தன. போட்டவர் பெயர் தெரியாது. ஒரு படத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும் கிழவன். இன்னொன்றில் ஒரு சிப்பாய். மூன்றாவதில் தையல்காரி. வலது கைக்காரன் நிழலுக்குக் கோடு போட்டால் அந்தக் கோடுகள் ஒரு பக்கமாகச் சாயும், இடது கைக்காரன் போட்டால் மறுபக்கமாகச் சாயும். இந்த மூன்றிலும் கோடுகள் மறுபக்கமாகச் சாய்ந்திருந்தன. இளம் வயதில் இதைப் பார்த்த நிபுணர் துள்ளிக் குதித்துவிட்டார். இடக்கை ஓவியர் என்று ஒருவரைப் படைத்தார். அவருக்கு ஒரு பட்டறை, ஒரு வாழ்க்கை, ஒரு சோகம், எல்லாம் கொடுத்துப் பெரிய புத்தகம் ஒன்றும் எழுதினார்.

கிழவன் பூட்ஸை இழுப்பது இடது கையால். சிப்பாய் வாளை இடது கையில் பிடித்திருந்தான். தையல்காரி ஊசி கோத்ததும் இடது கையால்தான். இதைப் பார்த்து வேறு யாராவது தலையைச் சொறிந்திருப்பார்கள். நிபுணர் சொறியவில்லை. ஊர் ஊராகத் துரத்தப்பட்ட இடது கைக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடி வாழ்ந்த பட்டறை அது என்று ஓர் அத்தியாயம் எழுதினார். அந்த அத்தியாயத்துக்குத்தான் பரிசு கிடைத்தது.

அவருடைய மனைவி அதே அருங்காட்சியகத்தில் காகிதம் பழுது பார்ப்பவள். கிழிந்த தாளை ஒட்டுவது, பூஞ்சையைத் துடைப்பது, பழைய பசையை ஈர ஆவி காட்டி இளக்கி எடுப்பது அவள் வேலை. அதற்கென்று படித்துப் பட்டம் வாங்கியவள். நிபுணரைவிட ஒரு பட்டம் கூடத்தான். ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் நிபுணர் அறிமுகம் செய்வது ஒரே மாதிரி இருக்கும்: “இவங்க நம்ம வீட்டம்மா. பசை வேலை பாக்குறாங்க.” கேட்டுக் கேட்டு அலுவலகமே அவளைப் பசையக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் அவரை ‘ஏங்க’ என்பவள், அருங்காட்சியகப் படியேறியதும் ‘சார்’ என்பாள். அந்த சாரில் எவ்வளவு உப்பு இருந்தது என்று அவருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

அவளுக்கு அவர்மேல் இருந்தது வெறுப்பு இல்லை, இளக்காரம்தான். வெறுப்பாவது ஒரு நாள் ஆறும். ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்னால் ஒவ்வொரு தாளையும் அவள் பார்த்து, நிலைமை இன்னது என்று சொல்ல வேண்டும் என்பது விதி. அவரோ எல்லாச் சீட்டையும் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் மேஜைக்குத் தாளை அனுப்புவார். பல வருஷம் முன்பு அந்தக் கிழவன் படத்தைப் பார்த்து, “ஏங்க, இது ரொம்ப மங்கலா இருக்கே, சுண்ணம் காகிதத்து மேல உக்காந்த மாதிரியே இல்லையே” என்று சொல்லிப் பார்த்தாள். “அதுக்குப் பேரு மென்மை” என்றார் அவர். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் மென்மை என்றே ஓர் அத்தியாயம் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, எழுதுவதற்கு முன்னால், ‘நீ பார்த்துச் சொல்லு’ என்று அந்த மனுஷன் தன்னிடம் கேட்டால் போதும் என்று அவள் நினைத்த காலம் உண்டு. அந்தக் காலமும் போய்விட்டது.

அவருடைய இடது கைப் பைத்தியத்துக்குக் காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் அவரே சொன்னார். அவர் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையன் பீச்சாங்கையால் எழுதுவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, அந்தக் கையை நாற்காலி முதுகோடு கட்டிவிட்டு, சோத்தாங்கையால் பக்கம் பக்கமாக எழுத வைப்பார். எழுதியதைக் கொண்டுபோய் நீட்டி, “சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்கப்பா” என்று நிற்க வேண்டும். கோணலாக இருந்தால் மறுபடி பெல்ட். அப்பா செத்த மறுநாள் பேனாவை இடது கைக்கு மாற்றியவர், அதற்கப்புறம் வலது கையால் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது, அவளும் அழுதாள். அது புதுசில். பிறகு வந்த சண்டைகளில் அதையும் எடுத்து அவர்மேல் வீசியிருக்கிறாள். “உங்கப்பா கட்டிப்போட்டது கைய மட்டும்தானா, மூளையையும் சேர்த்தா” என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

இந்தத் தடவை கண்காட்சி அவருடைய வாழ்நாள் கனவு. ஐரோப்பியப் பழம்பெரும் ஓவியர்களின் கோட்டோவியங்கள், நட்டநடுவே இடக்கை ஓவியர். வெளியூர் அருங்காட்சியகங்களிலிருந்து இரவலாகவும் படங்கள் வருகின்றன. நுழைவாயிலில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி அச்சடித்து வைத்த பூட்ஸ் கழற்றும் கிழவன். கிழவனின் கால்மாட்டில், தாளின் மூலையில், சிவப்பில் ஒரு சின்னக் கிறுக்கல் இருந்தது. ஒரு சிறகு மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் கழுத்தை வளைத்த அன்னம் மாதிரி ஒரு சுழி. அதுதான் ஓவியரின் ரகசியக் கையொப்பம் என்பது நிபுணரின் முடிவு. அன்னப்பறவை முத்திரை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

முத்திரையை அருங்காட்சியகக் கடை விடவில்லை. காப்பிக் கோப்பையில் அன்னம், துணிப்பையில் அன்னம், குடையில் அன்னம், சாவிக்கொத்தில் அன்னம். ஊழியர்கள் எல்லோரும் சட்டையில் அன்ன வில்லை குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வேறு. துப்புரவுப் பெண் முதல் இயக்குநர் வரை அன்னத்தோடு திரிந்தார்கள். பசையக்காவும் குத்திக்கொண்டாள். வேறு என்ன செய்வது, சம்பளம் வாங்குகிறாளே.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், பசையைக் கழுவப் பெண்கள் கழிவறைக்குப் போனாள். கையில் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். தலை கலைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். மார்பில் வில்லை. வில்லையில் அன்னம் இல்லை.

அங்கே 27 என்று இருந்தது.

குழாயை மூடாமலே நின்றாள். குனிந்து வில்லையைப் பார்த்தாள், அன்னம். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள், 27. பழைய காலத்துக் கையெழுத்துதான், கொஞ்சம் வளைவும் நெளிவும் இருந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பட்டறையில் தாள்கள் கலைந்துபோகாமல் இருக்கப் போடுகிற எண். கடைப் பெண் உள்ளே வந்து, “என்னக்கா, தண்ணி வீணாப் போகுது” என்றாள். அவள் மார்பிலும் கண்ணாடிக்குள் 27.

ஒற்றுப்படி என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பட்டறைகளில் சாதாரணமாகச் செய்வதுதான். சிவப்புச் சுண்ணத்தில் போட்ட படத்தின்மேல் ஈரத்தாளை வைத்து அச்சுப் பொறியில் கொடுத்து ஓர் அழுத்து அழுத்தினால், சுண்ணம் கொஞ்சம் ஈரத்தாளில் ஒட்டிக்கொள்ளும். அதே படம் இன்னொன்று கிடைக்கும், கொஞ்சம் மங்கலாக, இடம் வலம் மாறி. வலது கை இடது கையாகும். நிழல் கோடு மறுபக்கம் சாயும். எண் அன்னமாகும்.

கை ஈரத்தை மேலங்கியில் துடைத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். சட்டத்துக்குள் போகக் காத்திருந்த கிழவன் படத்தின்மேல் கைவிளக்கைப் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தாள். கையால் போட்ட கோடென்றால் சுண்ணப்பொடி காகிதத்தின் மேடுகளில் உட்கார்ந்திருக்கும். இங்கே பொடியே இல்லை. காகிதம் முழுக்க நசுங்கி, கறை மாதிரி நிறம் இறங்கியிருந்தது. மென்மையாம் மென்மை. சிப்பாயையும் தையல்காரியையும் பார்த்தாள். அதே கதை.

மறுநாள் இரவல் பெட்டிகள் வந்தன. அவற்றோடு அந்த வெளியூர் அருங்காட்சியகத்தின் ஆளாக ஒரு பெண்மணியும் வந்தாள். பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து சுவரில் படம் மாட்டும்வரை கண்ணை எடுக்காமல் கூடவே இருப்பதுதான் அவள் வேலை. பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டே ரொட்டி தின்றாள். எல்லோரும் அவளைப் பெட்டிக்காரம்மா என்றார்கள். அவளும் பசையக்காவும் சேர்ந்து ஒவ்வொரு தாளையும் வெளியே எடுத்து, அட்டை மேலுறையைத் தூக்கிப் பார்த்து, நிலைமையைச் சரிபார்த்தார்கள். நிபுணர் அங்கே இல்லை. நுழைவாயிலில் கிழவனுக்குப் பக்கத்தில் நின்று இடது கையை ஆட்டி ஆட்டிப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தாளை எடுத்ததும் பசையக்கா கைவிளக்கை அதன்மேல் கொண்டுபோனாள். நாற்காலியில் கிழவன். பூட்ஸை இழுப்பது வலது கையால். சுண்ணம் அடர்த்தியாக, கோடு கோடாக, கை போன வேகம் தெரிகிற மாதிரி. பெட்டிக்காரம்மா மேலுறை அட்டையைத் தூக்கினாள். அட்டைக்கு அடியில் மறைந்திருந்த மூலையில், நேராக, தெளிவாக, 27.

“உங்க சாரோட கிழவனும் இவனும் அண்ணன் தம்பி போல” என்றாள் பெட்டிக்காரம்மா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

“அப்பன் புள்ளை” என்றாள் பசையக்கா. “இது அப்பன்.”

“எனக்குப் பெட்டியைப் பத்தித்தாம்மா பேச அனுமதி. மத்ததை எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. நாளைக்கு விழாவுக்கு அவங்களும் வர்றாங்க.” அட்டையை மூடினாள்.

நிபுணர் பேட்டி முடிந்து வந்தார். இரவல் கிழவனைப் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி எப்படியோ ஆனது. இடது கை சட்டைப்பைக்குள் போனது. பிறகு வெளியே வந்தது, கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. “பாத்தீங்களா, எங்க ஓவியரை எவனோ காப்பி அடிச்சிருக்கான். வலது கைக்காரன். எவ்வளவு முரட்டுத்தனம் பாருங்க” என்றார். அன்று சாயங்காலமே சீட்டு தயாராகிவிட்டது: ‘இடக்கை ஓவியரைப் பார்த்துப் பிற்காலத்தவர் எழுதிய நகல்.’

இளக்காரம் ஒரு பக்கம் இருக்கட்டும், தாலி கட்டிய மனுஷன் ஊர் நடுவே மூக்கறுபட்டு நிற்பதைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும். அவரைத் தனியாகத் தன் வேலை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு படத்தின் புகைப்படத்தையும் மேஜையில் வைத்தாள்.

“ஏங்க, இது ஒற்றுப்படிங்க. மூணுமே. அன்னம் இல்ல, அது இருபத்தேழு. அவங்க தாள்ல நேராவே இருக்கு, நானே பாத்தேன். நாளைக்கு அவங்க ஆளுங்க வர்றாங்க. இப்பவே சீட்டை மாத்திடலாம். ‘ஆய்வில் உள்ளது’ன்னு ரெண்டு வார்த்தை போட்டா போதும். நீங்களே கண்டுபிடிச்சதா அப்புறம் எழுதிக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் புகைப்படத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பசைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ உன் வேலையப் பாரு” என்றார்.

“இதுதாங்க என் வேலை.”

அவர் போய்க் கதவைத் திறந்தார். வெளியே படம் மாட்டும் ஆட்கள் இருந்தார்கள், கடைப் பெண் இருந்தாள், பெட்டிக்காரம்மா தன் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். “கேட்டீங்களா சேதிய” என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். “எங்க வீட்டம்மா இடக்கை ஓவியர்னு ஒருத்தரே இல்லேங்கிறாங்க. இவ்வளவு நாளா உலகமே ஏமாந்துபோச்சாம். பசைய மோந்து மோந்து தலை கிறுகிறுத்துப் போச்சு போல.” ஆட்கள் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவர் சிரிக்க வைத்தால் சிரிக்கத்தானே வேண்டும். கடைப் பெண் மட்டும் குனிந்து தன் வில்லையைப் பார்த்துக்கொண்டாள்.

பசையக்கா உள்ளே திரும்பினாள். கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். சரி, நீ ஆச்சு, உன் அன்னம் ஆச்சு என்று மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் திறப்பு விழா. இருட்டுக் கூடத்தில் ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்திருந்தார்கள். ஒரு டாக்டர் வெகுநேரமாகச் சுவரில் இருந்த ஈரப்பத மானியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து ம்ம்ம் போட்டுக்கொண்டிருந்தார். இரவல் கொடுத்தவர்கள் ஒரு மூலையில் கும்பலாக நின்று நகல் என்ற சீட்டைப் படித்தார்கள், படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிபுணர் இரண்டு கிழவர்களுக்கும் நடுவில் நின்று பேசினார். நன்றாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். உலகம் வலது கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்றார். கதவின் கைப்பிடி, கத்திரிக்கோல், பள்ளிக்கூட மேஜை எல்லாம் அவர்களுக்குத்தான் என்றார். அடிபட்டும் கட்டுப்பட்டும் தன் கையை விட்டுக்கொடுக்காத ஒருவர் இங்கே இருந்தார், அவர் கையொப்பத்தைக்கூட யாரும் படிக்க முடியாதபடிப் பறவையாக்கிப் பறக்க விட்டார் என்றார். அப்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. கூட்டம் நீளமாக ஒரு ம்ம்ம் போட்டது.

கண்காட்சிக்குப் பணம் கொடுத்த புரவலர் அம்மா முன்வரிசையில் இருந்தார். பட்டுச் சால்வையின் நுனியில் அன்ன வில்லை. நல்ல மனுஷி, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர். “அந்தப் பறவைக்கு என்ன அர்த்தம் சார்? அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார்.

“சொல்றேம்மா” என்ற நிபுணர், ஓரமாக நின்ற மனைவியைக் கண்டார். வாய் சும்மா இருக்கவில்லை. “அதுக்கு முன்னாடி எங்க வீட்டம்மா. இவங்களுக்கு அது பறவையாத் தெரியலையாம். பசை வேலை பாக்குறவங்க, பாவம், மூக்கு கிட்டயே வச்சுப் பாக்குறதால கண்ணு கெட்டுப்போச்சு.”

கூட்டம் சிரித்தது. புரவலர் அம்மா திரும்பிப் பார்த்து, “அப்படியா, உங்களுக்கு என்னவாத் தெரியுதும்மா?” என்றார்.

பசையக்கா பேச ஆரம்பித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, குரல் அவ்வளவு அமைதியாக இருந்தது. “கைப்பையில முகம் பாக்குற கண்ணாடி வச்சிருக்கீங்களாம்மா?”

இருந்தது. எடுத்தார்.

“அதுல உங்க வில்லையப் பாருங்க.”

புரவலர் அம்மா கண்ணாடியைச் சாய்த்தார். பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். “இருபத்தேழு” என்றார், பள்ளிக்கூடத்தில் விடை சொல்கிற மாதிரி. “அட, ஆமா, இருபத்தேழு.”

கண்ணாடி கைமாறியது. இன்னும் பல கைப்பைகள் திறந்தன. கண்ணாடி இல்லாதவர்கள் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தார்கள். இருட்டில் அங்கங்கே இருபத்தேழு, இருபத்தேழு என்று குரல் எழுந்தது. பசையக்கா இரவல் கிழவனைக் காட்டி, எது அசல், எது அழுத்தி எடுத்தது, சிப்பாயும் தையல்காரியும் ஏன் பீச்சாங்கைக்காரர்கள் ஆனார்கள் என்று நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். இரவல் கொடுத்தவர்களில் மூத்தவர் தலையை ஆட்டி, “எங்க தாள்ல அந்த எண் நேராவே இருக்கு” என்றார். யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். வில்லையைப் பார்த்துச் சிரித்தார்கள், கோப்பையைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் என்ன விஷயம் என்று பக்கத்தில் நின்றவரை விசாரித்துக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு வந்து ஜனங்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அந்தக் கூடம் கண்டதில்லை.

பசையக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் எப்படி இருப்பது, எத்தனை வருஷத்துச் சிரிப்பு. புரவலர் அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயக்குநர், இத்தனை வருஷம் அவள் பெயர்கூடத் தெரியாதவர், வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். கடைப் பெண் ஓடிவந்து காதில், “அக்கா, கோப்பையெல்லாம் தீர்ந்துடும் போல, ஆளாளுக்கு ரெண்டு கேக்குறாங்க” என்றாள்.

நிபுணர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் இரவல் கிழவனைப் பார்க்கவில்லை. தன் கிழவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆள் நடமாட்டம் அவரைச் சுற்றிப் போனது, வந்தது.

விழா கலைகிற நேரம். வாசலில் வருகையாளர் புத்தகம் இருக்கும். கடைசியில் கண்காட்சியை அமைத்தவர் அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது அந்த அருங்காட்சியகத்தில் வழக்கம். அதையும் நிபுணர் எப்போதும் ஒரு நாடகமாகத்தான் செய்வார். இடது கைச் சட்டையை மடித்துவிட்டு, பேனாவை உயரத் தூக்கி, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். இன்றைக்கு எழுதாமல் நழுவிவிடுவார் என்று பசையக்கா நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, அவர் அங்கே குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வலது கையால்.

இடது கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. யாரும் கட்டிவைக்கவில்லை, அதுவாகப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. நாக்கு நுனி வெளியே தெரிய, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி அழுத்தி எழுதினார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு மனுஷன் எழுதுகிறான், அவ்வளவுதான்.

அவள் கிட்டே போனாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்தக் கையெழுத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உருண்டை உருண்டையாக, கோட்டைவிட்டு ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ போகாமல், மூன்றாம் வகுப்புப் பையனுடைய எழுத்து. ‘இடக்கை ஓவியர் என்று ஒருவர் இருந்ததில்லை’ என்று இருந்தது. கீழே அவர் பெயர், அதுவும் அப்படியே, அடக்க ஒடுக்கமாக.

பேனாவை மூடிவைத்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி அவள் பக்கம் நீட்டினார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. கேலியும் இல்லை.

“சரியா இருக்கா” என்றார். “பார்த்துச் சொல்லு.”

அவள் பார்த்தாள். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.